உள்ளங்கையில் ஓர் உப்பளம்

உள்ளங்கையில் ஒரு கறை. ஈரக் கையில் காப்பித் தூள் ஒட்டிக் காய்ந்தது போன்ற பழுப்பு நிறம். விளிம்பு மட்டும் சற்றுக் கூடுதலாகக் கறுத்திருக்கிறது. வலி கிடையாது, அரிப்பும் பெரும்பாலும் இருக்காது. சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. வாரங்கள் செல்லச் செல்ல மெல்லப் பரவுகிறது. அநேகமாக ஒரு கையில் மட்டும்; சிலருக்கு உள்ளங்காலில்.

இப்படி ஒரு கறையோடு ஒருவர் போய் நின்றால், தோல் மருத்துவரின் மனத்தில் முதலில் எழும் அச்சம் மெலனோமா. தோல் புற்றுநோய்களில் மிகக் கொடியவற்றில் ஒன்று அது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கரும்புள்ளியாகத் தலைகாட்டக்கூடியது. அந்த அச்சத்தில் தோலை வெட்டி எடுத்துச் சோதித்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. ஆனால் கத்தி வைப்பதற்கு முன் செய்துபார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. கறையின் மேல் லேசாகச் சுரண்டி, உதிரும் செதில்களில் ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பழுப்பு நிறத்தில் தடுப்புச் சுவர்கள் கொண்ட இழைகளும், இரட்டை அறை கொண்ட சிறு செல்களும் தெரிந்தால் நிம்மதியாக மூச்சு விடலாம். அது புற்று இல்லை, பூஞ்சை. சில வாரங்கள் களிம்பு பூசினால் போய்விடும்.

நோயின் பெயர் டீனியா நைக்ரா. தமிழில் கரும்படை என்று சொல்லலாம். அதை உண்டாக்கும் உயிரின் பெயர் ஹோர்ட்டியா வெர்னெக்கி. கறையைச் சுரண்டி எடுத்ததோடு மருத்துவரின் வேலை முடிந்துவிடுகிறது. இந்த அத்தியாயத்தின் வேலை அங்கேதான் தொடங்குகிறது: இந்த உயிர் உள்ளங்கைக்கு எங்கிருந்து வந்தது? உடம்பில் இத்தனை இடம் இருக்க, அது ஏன் உள்ளங்கையைத் தேர்ந்தது?

பெயர் மாறிய வரலாறு

1891இல் பிரேசிலின் பாஹியா மாநிலத்தில் அலெஷாண்ட்ரி செர்கெய்ரா என்ற மருத்துவர் உள்ளங்கையில் வரும் இந்தக் கறுப்பைத் தனி நோயாக இனங்கண்டார். அவருடைய மகன் 1916இல் தம் ஆய்வேட்டில் அதை விரிவாக எழுதினார். தந்தை கண்டதை மகன் எழுதிவைத்த பின்னும், நோய்க்குக் காரணமான பூஞ்சையைப் பிரித்தெடுத்து வளர்க்க மேலும் சில ஆண்டுகள் ஆயின. 1921இல் பரேராஸ் ஹோர்ட்டா அதைச் செய்தார். சக மருத்துவரான வெர்னெக் மச்சாடோவின் நினைவாக அந்தப் பூஞ்சைக்கு வெர்னெக்கி என்று பெயரிட்டார்.

அதன் பிறகு பேரினப் பெயர் பலமுறை மாறியது. காரணம் அதன் இயல்பிலேயே இருக்கிறது. வளர்ப்புத் தட்டில் முதலில் அது ஈஸ்ட் போல, எண்ணெய் தடவிய தார்த்துளியாகப் பளபளவென்று வளரும். நாட்கள் கழிந்தால் இழை விட்டு, கரிய வெல்வெட்டுத் துணிபோல் ஆகிவிடும். ஈஸ்ட் என்பதா, இழைப் பூஞ்சை என்பதா? எதில் சேர்த்தாலும் பாதி வெளியே நிற்கும். 1984இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நிஷிமுராவும் மியாஜியும் அதற்கென்றே தனிப் பேரினம் அமைத்து, ஹோர்ட்டாவின் பெயரைச் சூட்டினர்.

இப்படிச் செல் சுவரில் கரிய நிறமியை ஏற்றிக்கொண்டு, ஈஸ்ட்டாகவும் இழையாகவும் மாறி மாறி வாழும் பூஞ்சைகளைப் பொதுவாகக் கருப்பு ஈஸ்ட்டுகள் என்கிறார்கள். அவை ஒரே குடும்பம் கிடையாது. வெவ்வேறு கிளைகளில் பிறந்து, ஒரே மாதிரி வாழ்க்கைக்குப் பழகியவை. வெயில் கொளுத்தும் பாறை, உப்பு நீர், எண்ணெய் படிந்த மரம் என்று பிற உயிர்கள் ஒதுங்கிப்போகும் இடங்களே அவற்றின் வீடு.

உப்பு ஏன் காக்கிறது?

கருவாடு கெடுவதில்லை. மோர் மிளகாய் கெடுவதில்லை. உப்பில் ஊறிய நாரத்தங்காய் ஆண்டுக்கணக்கில் ஜாடியில் இருக்கிறது. உப்பு கிருமியைக் கொல்வதால் இப்படி என்று நினைக்கிறோம். உண்மையில் உப்பு செய்வது, தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்வது. செல்லுக்கு வெளியே உப்பு அதிகமானால் செல்லுக்குள் இருக்கும் நீர் வெளியேறுகிறது, செல் வதங்கிப்போகிறது. அதையும் மீறி உள்ளே நுழையும் சோடியம், நொதிகளின் வேலையைக் குலைக்கிறது. உப்பு நீரில் ஒரு நுண்ணுயிர் படும் பாடு இந்த இரண்டும்தான்: தாகம் ஒன்று, நஞ்சு மற்றொன்று.

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. உப்பளத்துப் பாத்தியில் வெயில் ஏற ஏற நீர் ஆவியாகி, இதைப் போலப் பத்து மடங்குவரை செறிவு கூடி, பிறகுதான் உப்பு பூக்கத் தொடங்குகிறது. அந்தச் செறிவில் வாழக்கூடியவை என்று நெடுங்காலம் அறியப்பட்டவை சில: பாத்தி நீரைச் சிவக்கச் செய்யும் தொன்நுண்ணுயிர்கள், டுனாலியெல்லா என்ற பாசி, சில பாக்டீரியாக்கள். பூஞ்சைக்கு அங்கே இடமில்லை என்றே கருதப்பட்டது. உப்பிட்ட உணவில் எப்போதாவது பூஞ்சை தென்பட்டால், அது எங்கிருந்தோ வந்து ஒட்டிய வழிப்போக்கன் என்று விட்டுவிட்டார்கள்.

அந்த எண்ணத்தை மாற்றியது ஸ்லோவேனியாவின் செச்சோவ்லியே உப்பளம். ஏட்ரியாட்டிக் கடலின் வடமுனையில், பிரான் நகருக்கு அருகே இருக்கிறது. பல நூற்றாண்டுகளாக அங்கே கையாலேயே உப்பு வாருகிறார்கள். பாத்தியின் அடியில் பெட்டோலா என்றொரு படலம் உண்டு. நீலப்பசும் பாசிகளும் ஜிப்சமும் களிமண்ணும் சேர்ந்து பாய் விரித்ததுபோல் படிந்திருக்கும். உப்போடு சேறு கலக்காமல் காப்பது அந்தப் படலம்தான். அதைப் பேணி வளர்ப்பதே அங்குள்ள உப்பளத் தொழிலாளர்களின் கைத்திறன். நுண்ணுயிரை வைத்துக்கொண்டு உப்பு விளைவிக்கும் ஊர் அது.

லூப்லியானா பல்கலைக்கழகத்தின் நினா குண்டே சிமர்மன் தம் குழுவோடு அந்தப் பாத்திகளில் நீர் எடுத்து, உப்பு மிகுந்த ஊடகத்தில் வளர்த்துப் பார்த்தார். கரிய புள்ளிகள் முளைத்தன. பருவந்தோறும் எடுத்தார்கள், செறிவு கூடக் கூட மற்ற பூஞ்சைகள் குறைந்தன, கருப்பு ஈஸ்ட்டுகள் நிலைத்தன. அவற்றில் முன்னிலையில் நின்றது ஹோர்ட்டியா வெர்னெக்கி. உப்பளமே இந்தக் கருப்பு ஈஸ்ட்டுகளின் இயற்கையான வாழிடம் என்று 2000இல் அவர்கள் அறிவித்தார்கள். எண்பது ஆண்டுகளாகத் தோல் நோய்க் கிருமி என்று மட்டுமே மருத்துவ நூல்கள் அறிந்திருந்த உயிருக்குச் சொந்த ஊர் எது என்று தெரிந்துவிட்டது.

உப்பே இல்லாத ஊடகத்திலும் அது வளர்கிறது. உப்பு கரையும் எல்லைவரை, லிட்டருக்கு 300 கிராம் அளவிலும் வளர்கிறது. மிக நன்றாக வளர்வது ஏறத்தாழ 50 முதல் 100 கிராம் உப்பில். நாம் அறிந்த பூஞ்சைகளில் இவ்வளவு அகன்ற எல்லைக்குள் வாழ்வது அரிது. உப்பை மட்டுமே நம்பி வாழும் பூஞ்சைகள் வேறு உண்டு. வாலேமியா இக்தியோஃபாகா என்பது உப்புக் குறைந்தால் வளரவே வளராது. ஹோர்ட்டியா அப்படி ஓரிடத்தில் கட்டுண்டதில்லை. மழை பெய்து பாத்தி நீர்த்துப்போனாலும் சரி, வெயில் காய்ந்து உப்பு பாளமாகக் கட்டினாலும் சரி, அது இருந்த இடத்தில் இருக்கும். இந்த நெகிழ்ச்சியை நினைவில் வைத்துக்கொள்வோம். உள்ளங்கைக்கு வரும் வழி இதற்குள்தான் இருக்கிறது.

கிளிசராலும் கரிய மதிலும்

வெளியே உப்பு இழுக்கும்போது நீரை உள்ளே நிறுத்த, அதற்குச் சமமாக உள்ளேயும் ஏதாவது கரைந்திருக்க வேண்டும். உப்பையே உள்ளே விட்டால் நொதிகள் பாழாகும். ஹோர்ட்டியா அதற்குக் கிளிசராலைத் தயாரிக்கிறது. இருமல் மருந்தில் இனிப்பும் வழவழப்பும் தருகிற அதே பொருள். செல்லுக்கு அது தீங்கு செய்வதில்லை. நீரை மட்டும் பிடித்துவைக்கிறது. கூடவே சோடியத்தை வெளியே தள்ளும் பம்புகள் ஓயாமல் வேலை செய்கின்றன. வெளியே உப்பு கொட்டிக் கிடக்கும்போதும் செல்லுக்குள் சோடியம் குறைவாகவே இருப்பதை அளந்து பார்த்திருக்கிறார்கள்.

கிளிசராலில் ஒரு சிக்கல் உண்டு. அது மிகச் சிறிய மூலக்கூறு. செல் சவ்வின் வழியே எளிதில் கசிந்துவிடும். தயாரித்ததெல்லாம் கசிந்தால் என்ன பயன்? இங்கேதான் கறுப்பு நிறம் வருகிறது. செல் சுவரில் படியும் மெலனின், சுவரின் நுண்துளைகளை அடைத்து, கிளிசரால் வெளியேறுவதைக் குறைக்கிறது. நமக்குக் கறையாகத் தெரிவது அதற்கு அணை.

இதை நிறுவ ஆய்வாளர்கள் பயன்படுத்திய பொருள் நம் விவசாயிகளுக்குத் தெரிந்த ஒன்று: டிரைசைக்கிளசோல். நெற்பயிரைத் தாக்கும் குலை நோய்க்கு எதிராகத் தெளிக்கப்பட்டுவந்த மருந்து. குலை நோய்ப் பூஞ்சையும் மெலனின் பூசிய உறுப்பைக் கொண்டுதான் நெல் இலையைத் துளைக்கிறது. மெலனின் தயாரிப்பை இந்த மருந்து நிறுத்துவதால் துளைக்க முடியாமல் போகிறது. அதே மருந்தை ஹோர்ட்டியாவுக்குக் கொடுத்தபோது கறுப்பு மங்கியது. கிளிசராலைப் பிடித்துவைக்கும் வலிமையும் குறைந்தது. வயலில் ஆயுதமாக இருக்கும் நிறமி, உப்பளத்தில் மதிலாக இருக்கிறது.

உப்பு கூடுகிறது என்று செல்லுக்கு யார் சொல்வது? ரொட்டி ஈஸ்ட்டில் ஹாக் என்ற சமிக்ஞைத் தொடர் அந்த வேலையைச் செய்கிறது. சிறிது உப்பு கூடினாலே அங்கே மணி அடித்துவிடும். லூப்லியானாவின் ஆனா பிளெமெனிடாஷ் குழு, ஹோர்ட்டியாவில் அதே தொடரின் இணையைத் தேடிக் கண்டது. அது முழு மூச்சில் இயங்கத் தொடங்குவது லிட்டருக்கு ஏறத்தாழ 175 கிராம் உப்பைத் தாண்டிய பிறகே. ரொட்டி ஈஸ்ட் உயிர் பிழைக்க முடியாத நிலை, இதற்கு அப்போதுதான் கவனிக்க வேண்டிய நிலை.

ஏழு ஆண்டு உப்பில்

2013இல் அதன் மரபணுத் தொகுதி முதன்முதலில் வாசிக்கப்பட்டபோது 23,333 மரபணுக்கள் என்று கணக்கு வந்தது. ரொட்டி ஈஸ்ட்டுக்கு இருப்பது சுமார் 6,000. ஹோர்ட்டியாவில் பெரும்பாலான மரபணுக்கள் இரட்டைப் பிரதிகளாக இருந்தன. பிறகு மேம்பட்ட கருவிகளால் வாசித்தபோது மொத்த எண்ணிக்கை 16,000 அளவுக்கு இறங்கியது. இரட்டை மட்டும் உறுதியாயிற்று. எப்படி இரட்டித்தது? ஒரே உயிரின் மரபணுத் தொகுதி தானாக இருமடங்கானது என்பது முதல் விளக்கம். பல்வேறு இடங்களில் எடுத்த வகைகளை 2018இல் ஒப்பிட்டபோது வேறு கதை வெளிப்பட்டது. சற்றே வேறுபட்ட இரு வகைகள் எப்போதோ இணைந்து கலப்பினமாகியிருக்கின்றன. அதன் பிறகு அந்தக் கலப்பினம் தன்னைத்தானே நகலெடுத்துக்கொண்டு வந்திருக்கிறது. ஒற்றைத் தொகுதியோடு வாழும் ஹோர்ட்டியாவும் உண்டு, இரட்டைத் தொகுதியோடு வாழ்வதும் உண்டு.

லூப்லியானா ஆய்வாளர்கள் இன்னொரு சோதனையைப் பொறுமையாக நடத்தினார்கள். லிட்டருக்கு 250 கிராம் அளவு உப்புள்ள ஊடகத்தில் ஹோர்ட்டியாவை ஏழு ஆண்டுக்கும் மேலாக, குறைந்தது 800 தலைமுறைகள் தொடர்ந்து வளர்த்தார்கள். 2021இல் வெளிவந்த முடிவு எதிர்பார்ப்புக்கு மாறானது. அத்தனை தலைமுறைக்குப் பிறகும் உப்பில் அதன் வளர்ச்சி வேகம் கூடவில்லை. அந்தக் கலையில் அது ஏற்கனவே தேர்ந்திருந்தது. ஆனால் வேறு மாற்றங்கள் வந்தன. செல்கள் ஒல்லியாயின, சங்கிலியாகச் சேர்வது குறைந்தது, மெலனின் படியும் விதம் மாறியது. காஸ்போஃபஞ்சின் என்ற மருந்துக்கு எதிர்ப்பும் கூடியிருந்தது.

காஸ்போஃபஞ்சின், பூஞ்சையின் செல் சுவரைத் தாக்கும் மருத்துவமனை மருந்து. அந்தக் குடுவைகளில் ஒருநாளும் அந்த மருந்து ஊற்றப்படவில்லை. உப்புக்காகச் சுவர் மாறியது. மாறிய சுவர் மருந்துக்கும் பிடிகொடுக்கவில்லை. இந்தப் பூஞ்சைகளைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. அவை நம்மை எதிர்க்கத் தயாராவதில்லை. வெயிலுக்கும் உப்புக்கும் தயாராகின்றன. அந்தத் தயாரிப்பு நம் உடம்பிலும் செல்லுபடியாகிவிடுகிறது.

பாத்தியிலிருந்து கைக்கு

இப்போது உள்ளங்கையைப் பாருங்கள். வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக அமைந்த இடங்களில் ஒன்று அது. வியர்வை சுரக்கிறது, நீர் ஆவியாகிறது, உப்பு தங்குகிறது. மறுபடி சுரக்கிறது, மறுபடி காய்கிறது. உப்பளத்தில் நாள் முழுதும் நடப்பது ஒரு சாண் இடத்தில் நடக்கிறது. கை அதிகம் வியர்ப்பவர்களுக்குக் கரும்படை வரும் வாய்ப்பு கூடுதல் என்று மருத்துவர்கள் முன்பே குறித்திருக்கிறார்கள். வெப்பமண்டலக் கடற்கரைகளில் அது அதிகம், இளவயதினரிடம் அதிகம் என்பதையும் குறித்திருக்கிறார்கள்.

ஒட்டிக்கொள்வது எப்படி? அதன் செல் மேற்பரப்பு நீரை விலக்கி எண்ணெய்ப் பசையோடு சேரும் தன்மை கொண்டது. தோலின் கொழுப்பைச் சிதைத்து உண்ணவும் அதற்குத் தெரியும். படர்தாமரைப் பூஞ்சைகள் தோலின் கெரட்டினையே கரைத்துத் தின்பவை; அதனால்தான் அங்கே அரிப்பும் அழற்சியும். ஹோர்ட்டியா அப்படிச் செய்வதில்லை. உயிரற்ற மேல் செதில்களுக்கு இடையே குடியிருந்து, கிடைப்பதை உண்டு, தன் நிறத்தை மட்டும் காட்டுகிறது. கீழே உயிருள்ள தோல் அதைக் கவனிப்பதுகூட இல்லை. வலியில்லாத கறைக்குக் காரணம் இது.

ஏன் உள்ளே இறங்குவதில்லை? அதற்கு ஒரு வேலி இருக்கிறது: 37 டிகிரி செல்சியஸ். ஹோர்ட்டியா விரும்புவது அதைவிடக் குளிர்ந்த சூழல். உள்ளங்கையின் மேற்பரப்பு உடலின் உட்பகுதியைவிடக் குளிர்ந்தே இருக்கிறது; அங்கே அது வாழும், அதற்குக் கீழே உடற்சூடு தடுக்கிறது. பாலூட்டிகளின் வெதுவெதுப்பான ரத்தமே பூஞ்சைகளுக்கு எதிரான முதல் அரண் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. எண்ணற்ற பூஞ்சை இனங்கள் நம்மைச் சுற்றி இருந்தும், மனிதருக்கு நோய் தருபவை சில நூறு மட்டும் என்பதற்கு இந்த அரணும் ஒரு காரணம்.

அந்த அரண் எப்போதும் நிற்பதில்லை. மலேசியாவில் ரத்தப் புற்றுநோய் கண்ட இரு நோயாளிகளிடமிருந்து ஹோர்ட்டியா எடுக்கப்பட்டதை 2005இல் வெளியான ஆய்வு பதிவு செய்தது. ஒருவருக்கு ரத்தத்தில், மற்றவருக்கு மண்ணீரல் சீழில். ஆய்வகத்தில் அறை வெப்பத்தில் வளர்ந்த அந்தப் பூஞ்சை, 37 டிகிரியில் வளரவில்லை. வளரவே கூடாத சூட்டில், நோய் எதிர்ப்பு சரிந்த உடம்பில் அது எப்படியோ தாக்குப்பிடித்திருக்கிறது. மிக அரிதான நிகழ்வுதான். ஆனாலும் தோலோடு நிற்கும் உயிர் என்று முடிவுகட்டிவிட முடியாது என்பதைக் காட்டிவிட்டது.

சூட்டையும் தாண்டிய உறவினர்

கருப்பு ஈஸ்ட்டுகளில் வேறொன்று அந்த வேலியைத் தாண்டியே பிறந்திருக்கிறது. எக்சோஃபியாலா டெர்மடிடிடிஸ் 40 டிகிரியைக் கடந்தும் வளரும். கிழக்காசியாவில், முன்பு நோயேதும் இல்லாத இளைஞர்களின் மூளையைக்கூட அது தாக்கியிருக்கிறது. அவர்களில் பலர் பிழைக்கவில்லை. நுரையீரலில் சளி கட்டும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்களின் மூச்சுக்குழாயிலும் குடியேறுகிறது.

அதன் வாழிடத்தைத் தேடியவர்கள் நீராவிக் குளியல் அறைகளில் கண்டார்கள். கிரியோசோட் எண்ணெய் ஊறிய ரயில் தண்டவாளக் கட்டைகளில் கண்டார்கள். தாய்லாந்துக் காடுகளில் பழங்களிலும், பழந்தின்னும் விலங்குகளின் எச்சத்திலும் கண்டார்கள். பிறகு நினா குண்டே சிமர்மனின் சக ஆய்வாளர்கள் வீட்டுப் பாத்திரம் கழுவும் இயந்திரங்களைத் திறந்து பார்த்தார்கள். ஆறு கண்டங்கள், 18 நாடுகள், 189 இயந்திரங்கள். 2011இல் வெளியான அந்த ஆய்வின்படி, கதவின் ரப்பர்ப் பட்டையில் 62 விழுக்காடு இயந்திரங்களில் பூஞ்சை இருந்தது. அவற்றில் பாதிக்கும் மேலானவற்றில் எக்சோஃபியாலா. கொதிக்கும் சூடு, காரமான சோப்பு, கடின நீரைப் பதப்படுத்தச் சேர்க்கும் உப்பு, நடுநடுவே வறட்சி. கிருமியை ஒழிக்க நாம் அடுக்கிய தடைகள் சாதாரணப் பூஞ்சைகளை அப்புறப்படுத்தி, எல்லாவற்றையும் தாங்கும் ஒன்றுக்கு இடத்தை ஒழித்துக் கொடுத்திருக்கின்றன. நலமாக இருப்பவர்கள் இதற்காகப் பயப்பட வேண்டியதில்லை; அந்த ரப்பர்ப் பட்டையை அடிக்கடி துடைத்துக் காயவைப்பது நல்ல பழக்கம்.

பயப்பட வேண்டிய இடம் வேறு. 2002இல் அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில், வலிக்காக முதுகிலும் மூட்டிலும் போடப்பட்ட ஸ்டீராய்டு ஊசி மருந்தில் இந்தப் பூஞ்சை கலந்திருந்தது. ஐந்து பேருக்கு நோய் கண்டது, ஒருவர் இறந்தார். ஊசி போட்டு மாதக்கணக்கில் கழித்துக்கூட அறிகுறி தோன்றியது. தோல் என்ற அரணை ஊசி முனை ஒரே நொடியில் கடந்துவிட்டது.

உள்ளே போன பிறகு மெலனின் மறுபடி துணைக்கு வருகிறது. நம் வெள்ளணுக்கள் பூஞ்சையை விழுங்கி, வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளால் தாக்குகின்றன. வெயிலின் புற ஊதாக் கதிர் செல்லுக்குள் கிளப்பிவிடுவதும் அதே வகை மூலக்கூறுகளைத்தான். வெயிலில் நனைந்த பாறையில் உதவிய கரிய கவசம் இங்கேயும் உதவுகிறது. மெலனின் இல்லாத எக்சோஃபியாலா வகைகளை எலிகளுக்குச் செலுத்தியபோது நோயின் கடுமை குறைந்ததை 1980களிலேயே கண்டறிந்துவிட்டார்கள்.

எது கருப்புப் பூஞ்சை?

2021 கோடையில் கொரோனாவோடு சேர்ந்து வந்த இன்னொரு பெயர் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும்: கருப்புப் பூஞ்சை. அந்த நோய் மியூகார்மைகோசிஸ். அதை உண்டாக்கும் பூஞ்சைகளின் செல் சுவர் கறுப்பு இல்லை. அவை ரத்தக் குழாய்களை அடைத்து, திசு அழுகிக் கறுப்பதால் வந்த பெயர் அது. ஹோர்ட்டியாவும் எக்சோஃபியாலாவும் தாமே கறுப்பானவை. மியூகார்மைகோசிசுக்கும் இவற்றுக்கும் மருந்தும் வேறு, போக்கும் வேறு, அவசரமும் வேறு. கையில் கரும்படை கண்டவர் 2021இன் அச்சத்தில் உறைந்துபோகத் தேவையில்லை. மூக்கருகே கறுத்து முகம் வீங்கியவர் களிம்போடு காத்திருக்கவும் கூடாது. பெயர்க் குழப்பம் உயிரோடு விளையாடும் இடம் இது.

கரிய பூஞ்சைகளோடு தமிழகத்துக்குப் பழைய தொடர்பு ஒன்றும் இருக்கிறது. 1842இல் மதுரையில் பணியாற்றிய ஜான் கில் என்ற மருத்துவர், கால் வீங்கிப் புரையோடும் நோயைப் பதிவு செய்தார். உலக மருத்துவ நூல்களில் அது மதுரைக் கால் என்றே பெயர் பெற்றது. புண்ணிலிருந்து கரிய மணிகள் உதிரும் வகைக்குக் காரணமான பூஞ்சை, ஊர்ப் பெயரால் மதுரெல்லா எனப்படுகிறது. வெறுங்காலோடு வயலில் நடப்பவரின் பாதத்தில் முள் தைக்கும்போது மண்ணிலிருந்து நுழைகிறது. அங்கேயும் நோயின் விடை உடம்புக்கு வெளியே, நடந்து வந்த மண்ணில் கிடக்கிறது.

ஸ்லோவேனியாவின் பாத்தியில் கரிய புள்ளிகளைத் தேடியவர்கள் மருத்துவத்துக்காகத் தேடவில்லை. உப்பில் உயிர் எப்படி வாழ்கிறது என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியின் பலன் இன்று ஒரு சிறிய மருத்துவமனை அறைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. உள்ளங்கையை நீட்டிப் பயத்தோடு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். விவரம் அறிந்த மருத்துவர் கத்தியை எடுக்குமுன் இரண்டு கேள்வி கேட்கிறார்: "கை ரொம்ப வேர்க்குமா? சமீபத்தில் கடற்கரைப் பக்கம் போயிருந்தீங்களா?" இரண்டுக்கும் தலையாட்டினால், கறையைச் சுரண்டி நுண்ணோக்கிக்கு அனுப்புகிறார். உப்பளத்தில் கற்ற பாடம் அந்த இரண்டு கேள்விகளுக்குள் இருக்கிறது. அதனால் ஓர் உள்ளங்கை வெட்டுப்படாமல் வீடு திரும்புகிறது.